மக்சிக் சீதாவின் ரேடியோ

கலியாணசுந்தரத்தின் இயந்திரம் வாரத்தில் ஆறு நாள் ஒழுங்காக வேலை செய்தது. ஏழாவது நாளில்தான் சிஹாபுதீன் அதைப் பார்க்க வருவார்.

சிஹாபுதீனுக்கு மலாக்காவின் பண்டார் ஹிலிரில் இரும்புச் சாமான் கடை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையை அடைப்பார். தொழுகை முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு காஜா பேராங்குக்கு வருவார். அங்கே கலியாணசுந்தரம் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில், தாமும் பங்கு போட்டு வாங்கிய இயந்திரத்தின் முன்னால் முக்காலியில் உட்காருவார். இயந்திரம் பொறி கக்கும். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார். பல வாரமாக இதுவே நடந்துவந்தது.

"தம்பி, இந்த மெஷினுக்கு என் மூஞ்சி பிடிக்கலன்னு நெனைக்கிறேன்" என்றார் அந்த வெள்ளிக்கிழமையும்.

"நேத்து வந்திருக்கணும் நானா. நேத்து என்னமா ஓடுச்சு தெரியுமா!" என்றார் கலியாணசுந்தரம். சிஹாபுதீனை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நேத்து ஓடுச்சு, முந்தாநேத்து ஓடுச்சு, நாளைக்கும் ஓடும். நான் என்னைக்குத்தான் வர்றது? புர்கா போட்டுக்கிட்டு வரவா?"

இயந்திரம் என்று இருவரும் சொன்னது, மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து ஒன்றுசேர்ந்த சாமான்களை. கவிழ்த்த அண்டா போன்ற கண்ணாடிக் குடுவை, சிங்கப்பூரில் ஒரு கல்லூரி ஏலத்தில் கிடைத்தது. அதிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பு, ராணுவம் கழித்துப் போட்டது. மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர், சினிமாக் கொட்டகை ஒன்றின் பழைய நியான் பலகையிலிருந்து கழற்றியது. குடுவைக்குள் மேலே ஒரு சாண் அகல வெள்ளித் தகடு தொங்கும். கீழே, கறுத்துப்போன பஸ் முன்விளக்கின் பித்தளைக் கிண்ணம் இருக்கும். காற்றை உறிஞ்சி மின்சாரத்தைக் கொடுத்தால் உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சக் காற்று கத்தரிப்பூ நிறத்தில் ஒளிரும். அந்த ஒளி தகட்டைத் தட்டித் தட்டி வெள்ளியைத் துகளாக உதிர்க்கும். உதிர்ந்தது கிண்ணத்தில் படிந்து கண்ணாடிபோல் மின்னும்.

எல்லாம் மின்சாரத்தின் அளவில் இருந்தது. குறைந்தால் வெள்ளி உதிராது. கூடினால் ஒளி ஒரே இடத்தில் குவிந்து பொறியாக வெடிக்கும். பொறி வெடித்தால் கிண்ணத்தில் வெள்ளிக்குப் பதில் கரும்புள்ளி விழும். அளவைக் கட்டுப்படுத்தக் கலியாணசுந்தரம் ஒரு பலகையில் ஆறு பல்புகளை வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்சு வைத்திருந்தார். மின்சாரம் அந்தப் பல்புகளைத் தாண்டித்தான் இயந்திரத்துக்குப் போக முடியும். ஒரு பல்பைப் போட்டால் கொஞ்சம் போகும். ஆறையும் போட்டால் நிறையப் போகும். உள்ளே பொறி வெடித்தால் பல்புகள் பளிச்சென்று விழிக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் அவை திருவிழாப் பந்தல்போல் விழித்துக்கொண்டே இருந்தன.

அதற்குக் கலியாணசுந்தரத்திடம் ஒரு விளக்கம் இருந்தது. பத்து வருடம் மின்சார ஆபீசில் கம்பத்துக்குக் கம்பம் ஏறியவர் அவர். "ஜும்ஆ முடிஞ்சு கடையெல்லாம் ஒரே நேரத்துல தொறப்பாங்க. ஐஸ் பேக்டரி, சினிமா மேட்னி எல்லாம் சேர்ந்துக்கும். லைன்ல வோல்டேஜ் படுத்துடும். அதான் இவ தடுமாறுறா. இன்னொரு பல்பைப் போட்டா சரியாயிடும்" என்பார். போடுவார். பொறி இன்னும் பெரிதாக வெடிக்கும். அடுத்த பல்பையும் போடுவார்.

சிஹாபுதீன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சரி, இப்ப ஒரு சேதி சொல்றேன், கோவிச்சுக்காதே. பஸ் கம்பெனி போர்மன் பொன்னுதுரை வர்றேன்னுட்டாரு. சுதந்திரம் வர்ற மெர்டேக்கா ராத்திரி ஊர்வலத்துல கம்பெனி பஸ் அத்தனையும் போவுதாம். முன்னால வெளக்கெல்லாம் பளபளன்னு இருக்கணும்னு மொதலாளி உத்தரவு. சிங்கப்பூருக்கு அனுப்புனா திரும்பி வர நாளாவும். நம்ம கிட்ட ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, கண்ணு முன்னால பூசிக் காட்டச் சொல்லுவாரு. நல்லா வந்தா அத்தனை பஸ்ஸும் நமக்குத்தான்."

கலியாணசுந்தரம் எழுந்தே விட்டார். "என்னைக்கு வர்றாரு?"

"அடுத்த வெள்ளிக்கிழமை."

"வேற நாளே கெடைக்கலயா நானா?"

"அன்னைக்குத்தான் அவருக்கு மத்தியானம் ஓய்வாம். நான் கேக்கலன்னு நெனைக்காதே."

ஆனால் கலியாணசுந்தரத்துக்கு வேறு ஒரு நாளும், அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை, நெருக்கிக்கொண்டிருந்தது. மின்சார ஆபீசின் வெள்ளைக்காரப் பெரியவர் சுதந்திரத்துக்கு முன்பே ஊருக்குக் கப்பலேறுகிறார். போவதற்குள் தம் பழைய ஆளுக்கு ஒரு நல்லது செய்ய நினைத்து, "உன் இடத்தை இன்னும் நிரப்பவில்லை. அந்தத் திங்கட்கிழமை வரை வைத்திருப்பேன். எனக்குப் பிறகு வருகிறவர் உன்னை அறிய மாட்டார்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். குவார்ட்டர்ஸ், வருட விடுமுறை, காக்கிச் சட்டை எல்லாம் மறுபடி கிடைக்கும். கலியாணசுந்தரம் அன்று இரவே மனைவி ருக்மணியிடம் வாக்குக் கொடுத்தார்: போர்மன் முன்னால் இயந்திரம் ஓடாவிட்டால் திங்கட்கிழமை காக்கிச் சட்டை.

ருக்மணி அதைக் கேட்டு வாங்கவில்லை. குவார்ட்டர்ஸின் இரண்டு ஜன்னல்களை அவ்வப்போது நினைத்துக்கொள்வாள் என்பது உண்மை. ஆனாலும் இரவில் கணவர் அந்தக் கத்தரிப்பூ வெளிச்சத்தைப் பார்த்துத் தனக்குத்தானே சிரிப்பதை அவளும் பார்த்திருக்கிறாள். காக்கிச் சட்டைக்குள் அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. அவளால் ஆனதை அவள் செய்துகொண்டிருந்தாள்.

அது என்னவென்றால், வெள்ளிக்கிழமை காலையில் தலைமுழுகிவிட்டு வாசல்படி, குத்துவிளக்கு, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது கொட்டகைக்கும் போவாள். பம்புக்கு ஒரு பொட்டு, டிரான்ஸ்பார்மருக்கு ஒன்று, பல்புப் பலகைக்கு ஒன்று. வெள்ளித் தகட்டைக் கலியாணசுந்தரம் தினமும் இரவு வேலை முடிந்ததும் கழற்றித் தேய்த்து, காய்வதற்கு அடுக்களை மேசையில் வைப்பார். வெள்ளிப் பொருள் வெறுமையாக இருக்கலாமா? அதன் நடுவிலும் நல்ல பெரிய பொட்டாக ஒன்று வைப்பாள். போர்மன் வருகிற வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிடப் பெரிதாகவே வைத்தாள்.

கலியாணசுந்தரம் அந்தத் தகட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குடுவைக்குள் மாட்டினார். பொட்டு அவர் கண்ணில் படவில்லை. வெள்ளிக்கிழமையில் பொட்டில்லாமல் இருந்திருந்தால்தான் பட்டிருக்கும்.

பொன்னுதுரை சொன்ன நேரத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, மடிப்புக் கலையாத சட்டை, சீப்பால் வாரிய மீசை. தினமும் கிளேபாங்கிலிருந்து கம்பெனி பஸ்ஸிலேயே வேலைக்கு வந்தாலும் டிக்கெட் எடுத்துத்தான் ஏறுவார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு கிண்ணம் இருந்தது.

"எல்லாத்திலும் உதுதான் மோசமானது. பார்த்து எடுத்துக்கொண்டு வந்தனான்" என்றார். "உது வெளிச்சா எல்லாம் வெளிக்கும். நான் அஞ்சு மணிக்கு டிப்போவில நிக்கோணும். அதுக்குள்ள ஏலுமோ?"

"ஏலும் சார்" என்றார் கலியாணசுந்தரம், தம்மையும் அறியாமல் யாழ்ப்பாணத் தமிழில்.

சிஹாபுதீன் முக்காலியில் உட்காரவில்லை. "நான் வெளிய நிக்கிறேன் தம்பி. அது என்னைப் பாக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புற வேலியோரம் போய், கொட்டகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

கிண்ணத்தை உள்ளே வைத்துக் குடுவையை இறக்கி மூடினார் கலியாணசுந்தரம். பம்பு தடதடவென்று இழுக்கத் தொடங்கியது. கிண்ணத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மறைப்புத் தகடு இருந்தது. வெளியே காந்தத்தைப் பிடித்தால் அது விலகும். முதலில் வரும் கசடு கிண்ணத்தில் விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. காற்று போதுமான அளவு இறங்கியதும் மூன்று சுவிட்சுகளைப் போட்டார்.

கத்தரிப்பூ ஒளி மெல்லப் பரவியது. பொன்னுதுரை குனிந்து பார்த்து, "வடிவாத்தான் இருக்கு" என்றார்.

அவர் நிமிர்வதற்குள் முதல் பொறி வெடித்தது. மூன்று பல்பும் விழித்தன. இரண்டாவது பொறி. மூன்றாவது. கலியாணசுந்தரத்தின் கை நான்காவது சுவிட்சுக்குப் போனது. போட்டார். உள்ளே பட்டாசுக் கட்டைக் கொளுத்தியது போலாயிற்று.

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஓய் சுண்ட்ரம்! ரேடியோ சுடா கிலா லாகி!"

ரேடியோவுக்கு மறுபடி பைத்தியம் பிடித்துவிட்டது என்று பொருள். குரலுக்குரியவர் மக்சிக் சீதா, அதாவது சீதா அத்தை; இவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி, பக்கத்து வீட்டில் இருப்பவர். காஜா பேராங்கில் பல தலைமுறையாக வாழும் மலாக்காச் செட்டிக் குடும்பம். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தவை சாமிப் பெயர்களும் சில பலகாரப் பெயர்களும்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரேடியோவில் குரோஞ்சோங் பாட்டுப் போடுவார்கள். அதற்காகவே அவர் முன்கூட்டிச் சமையலை முடித்துவிட்டுக் காத்திருப்பார். கொட்டகையில் பொறி வெடித்தால், பாட்டுக்கு நடுவே 'கர்ர் கர்ர்' என்று யாரோ தகரத்தைக் கிழிப்பதுபோல் ரேடியோ இரையும்.

"மாஃப் மக்சிக்!" என்று மன்னிப்புக் கேட்டுக் கத்தினார் கலியாணசுந்தரம். பிறகு பொன்னுதுரை பக்கம் திரும்பினார். "லைன்ல வோல்டேஜ் படுத்திருக்கு சார். வெள்ளிக்கிழமைல இப்படித்தான். ஜும்ஆ முடிஞ்சு எல்லாக் கடையும்..."

"கடைக்காரன் நான் இங்கதானே நிக்கிறேன். என் கடை இன்னும் தொறக்கல!" என்றார் சிஹாபுதீன், திரும்பிப் பார்க்காமலே.

மக்சிக் சீதா வேலிக்கே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மட்டும்தான் இந்தச் சத்தம், மற்ற நாளில் இல்லை என்று மலாயில் சிஹாபுதீனிடம் முறையிட்டார். சிஹாபுதீன் அனுதாபத்தோடு, உங்கள் வீட்டு விளக்கும் மங்குகிறதா என்று கேட்டார்.

"லம்பு தெராங். ரேடியோ சஜா."

விளக்கு பிரகாசமாகத்தான் எரிகிறது, ரேடியோ மட்டும்தான்.

அந்த வார்த்தை கொட்டகைக்குள் கேட்டது. கலியாணசுந்தரத்தின் கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது. மக்சிக் வீட்டுக்கும் கொட்டகைக்கும் ஒரே கம்பம், ஒரே கம்பி. வோல்டேஜ் படுத்தால் அவருடைய இருட்டு அடுக்களையில் பகலிலும் எரியும் விளக்கு முதலில் மங்க வேண்டும். மங்கவில்லை. ஆகவே ஐஸ் பேக்டரியும் மேட்னியும் கடைத்தெருவும், இத்தனை நாளாக அவர் சுமத்திய பழிக்கு ஆளாக வேண்டியவை அல்ல. எல்லாச் சுவிட்சையும் அணைத்தார். ஒரே ஒரு பல்பை மட்டும் போட்டு, முதல் தடவையாகப் பல்புகளைப் பார்க்காமல் குடுவைக்குள் பார்த்தார்.

பொறி அங்குமிங்கும் அலையவில்லை. தகட்டின் நடுவில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி ஆடியது. பொன்னுதுரையும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"என்ன காணும் இது? சிவப்பா வட்டமா ஒண்டு கிடக்கு" என்றார். "குங்குமமோ?"

கோப்பித் தட்டோடு வாசலில் நின்ற ருக்மணி ஓரடி உள்ளே வந்தாள்.

"நான்தான் வச்சேன். வெள்ளிக்கிழமையாச்சேன்னு... எல்லா வெள்ளிக்கிழமையும் வைப்பேன்."

அழுத்திப் பிடித்த சந்தனத்தில் மின்சாரம் ஓடாது. ஓட முடியாத இடத்தில் தேங்கித் தேங்கி, பொறியாக உடைத்துக்கொண்டு வந்தது. இது கலியாணசுந்தரத்துக்கு அந்தக் கணமே விளங்கியது. விளங்கியதும், தாம் ஒவ்வொரு வாரமும் கூடுதல் பல்பைப் போட்டு அதை உசுப்பிவிட்டது நினைவுக்கு வந்து காது சிவந்தது.

"தொறங்க, நானே தொடைச்சுடறேன்" என்றாள் ருக்மணி.

"தொறந்தா திரும்பக் காத்தை இழுக்க ஒரு பொழுதாயிடும். சார் போகணும்."

பொன்னுதுரை கடிகாரத்தைப் பார்த்தார். "ஓம். எனக்கு நேரமில்லை. இன்னொரு நாளைக்கு எண்டால் மெர்டேக்காவுக்கு முன்னம் எனக்கு ஏலாது. நான் சிங்கப்பூருக்கே அனுப்பிவிடுறன்."

திங்கட்கிழமையும் காக்கிச் சட்டையும் கொட்டகைக்குள் வந்து நின்றுகொண்டன. கலியாணசுந்தரம் எரியும் ஒற்றைப் பல்பைப் பார்த்தார். பிறகு குடுவையைப் பார்த்தார். ஒரு பல்பின் மின்சாரத்தில் பொறி கொசு அளவுதான் இருந்தது. கொசு குங்குமத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. கடித்த இடம் கறுத்து உதிர்ந்தது.

"சார், கோப்பி சாப்பிடுங்க. அது தன்னால போயிடும். கொஞ்சமா கொடுத்தா பொறி பெரிசாவாது, பொட்டை மட்டும் அரிச்சுத் தின்னும். மறைப்புத் தகடு மூடித்தான் இருக்கு, உங்க கிண்ணத்துல ஒண்ணும் விழாது."

பொன்னுதுரை கோப்பையை வாங்கிக்கொண்டு சிஹாபுதீன் விட்டுப்போன முக்காலியில் உட்கார்ந்தார். போகிறவர் உட்கார மாட்டார் என்பதால் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

பொட்டு சுருங்கியது. சற்று நேரத்தில் உள்ளே ஒளி அமைதியானது போல் தெரிந்தது. கலியாணசுந்தரத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இரண்டாவது சுவிட்சைத் தட்டினார்.

படார்.

"சுண்ட்ரம்!"

"நானா, ரேடியோ எப்படி?" என்று அலறினார் கலியாணசுந்தரம்.

"என்னைக் கேக்குறியா? பாடுறவ தொண்டைய நெரிக்கிற மாதிரி இருக்கு!"

இரண்டாவது பல்பை அணைத்தார். அணைத்த கை சுவிட்சை விட்டு நகரவில்லை. ருக்மணி தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, அந்தக் கையைப் பிடித்துப் பலகையிலிருந்து எடுத்தாள்.

"அடுப்புல சாம்பார் கொதிக்கிறப்பவும் நீங்க இப்படித்தான் வெறகைத் தள்ளுவீங்க. தள்ளிப் போங்க. சுவிட்சை நான் பாத்துக்கறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான் அவசரப்பட மாட்டேன்."

பொன்னுதுரை கோப்பிக்குள் சிரித்தார்.

கலியாணசுந்தரம் தோற்றவராகப் பின்வாங்கினாலும் அவர் மூளை நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொறியும் ரேடியோவில் இரையும். அப்படியானால் கண்ணால் பார்த்து முடிவு செய்வது வீண். வேலிப் பக்கம் கத்தினார்: "நானா! மக்சிக் கிட்டச் சொல்லி ரேடியோவைச் சத்தமா வைக்கச் சொல்லுங்க. இரையுதான்னு கேட்டுச் சொல்லிக்கிட்டே இருங்க!"

மக்சிக் சீதா இதைப் புரிந்துகொள்ளச் சிறிது நேரமாயிற்று. புரிந்ததும் ரேடியோவையே தூக்கி ஜன்னல் ஓரத்தில் வைத்தார். தம் ரேடியோவுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது என்பதில் அவருக்குக் கோபம் பாதி போய்விட்டது.

"இரையுது!" என்றார் சிஹாபுதீன்.

ருக்மணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் இரையுது. ஆனா ரவா வறுக்குற மாதிரிதான்."

கலியாணசுந்தரம் தம் இரு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப விட்டு விட்டு வருது... ஒண்ணு... இல்ல. இன்னும் ஒண்ணு."

பாட்டு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது. வயலின் இழுவை வேலியைத் தாண்டிச் சுத்தமாக வந்தது. "டியாம்!" என்றார் மக்சிக் சீதா. சத்தமில்லை என்று பொருள். "இரையல தம்பி! தேன் மாதிரி ஓடுது!" என்றார் சிஹாபுதீன்.

ருக்மணி கணவரைப் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் காதைக் கொடுத்து, இரண்டாவது சுவிட்சைப் போட்டாள். ஒரே ஒரு முணுக்கு. உடனே அணைத்தாள். காத்திருந்தாள். மறுபடி போட்டாள். பாட்டு கெடவில்லை. பிறகு மூன்றாவது. மூன்று பல்பும் மங்கலாக, அசையாமல், சாமி அறை விளக்குபோல் எரிந்தன. குடுவை முழுவதும் கத்தரிப்பூ நிறம் சமமாக நிறைந்தது. தகட்டின் நடுவில் பொட்டு இருந்த இடம் தெரியவில்லை.

"நீ வச்ச பொட்டை நான் அழிக்கல ருக்கு" என்றார் கலியாணசுந்தரம் மெதுவாக. "பாத்துக்க."

"காந்தத்தை எடுங்க" என்றாள் அவள்.

காந்தத்தைப் பிடித்தார். மறைப்பு விலகியது. கிண்ணத்தின் கறுப்பின் மேல் முதலில் பழுப்பாக ஒரு சாயல் விழுந்தது; பிறகு அது வெளுத்தது; பிறகு அதற்குள் பல்புகளின் வெளிச்சம் தெரியத் தொடங்கியது. பொன்னுதுரை கடிகாரத்தை எடுத்தார். நேரம் பார்க்காமலே சட்டைப்பைக்குள் திரும்பப் போட்டார்.

குடுவையைத் திறந்து கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தபோது டிப்போவுக்குப் போக இன்னும் பொழுதிருந்தது. கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தார். வெள்ளி வரவில்லை. வெயிலில் பிடித்தார். வேலியில் நின்ற சிஹாபுதீனின் தொப்பியில் ஒரு வட்ட வெளிச்சம் விழுந்து, அங்கிருந்து தென்னை மரத்துக்குத் தாவியது. கடைசியில் கிண்ணத்துக்குள் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

"சிங்கப்பூர்க்காரன்ர கிண்ணத்தில என்ர மூக்குக் கோணலா இருக்கும். உதில நேராத்தான் இருக்கு" என்றார். "நாளைக்கு லொறியில எல்லாத்தையும் அனுப்புறன். ஆனா ஒண்டு, தங்கச்சி..."

ருக்மணி தலை குனிந்தாள்.

"சுவிட்சில நீங்கள் நில்லுங்கோ. உவரை விடாதேயுங்கோ."

அவர் போன பிறகுதான் சிஹாபுதீன் வேலியை விட்டு நகர்ந்தார். கொட்டகை வாசலில் நின்று, எட்டிப் பார்க்கலாமா வேண்டாமா என்பது போல் ஒரு கண்ணை மட்டும் உள்ளே நீட்டினார். இயந்திரம் ஒன்றும் செய்யவில்லை.

"அப்ப என் மூஞ்சி இல்ல" என்றார், பெரிய நிம்மதியோடு.

திங்கட்கிழமை காலை கலியாணசுந்தரம் மின்சார ஆபீசுக்குப் போனார். நன்றி சொல்லி, வரவில்லை என்றார். வெள்ளைக்காரப் பெரியவர் கைகுலுக்கி, அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டார். மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்றார் கலியாணசுந்தரம். பத்து வருடம் அதைக் கூட்டிக் கொடுக்கவே ஆபீசில் பாடுபட்டவர் என்பதால் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ருக்மணி தலைமுழுகிவிட்டுக் கொட்டகைக்கு வந்தாள். பம்புக்குப் பொட்டு, டிரான்ஸ்பார்மருக்குப் பொட்டு. தகட்டை ஒரு கணம் பார்த்து, விலகி, குடுவையின் கண்ணாடியில் வெளிப்புறமாக ஒன்று வைத்தாள். மத்தியானம், பூசுவதற்குக் கிண்ணங்கள் வரிசையில் காத்திருந்தன. சிஹாபுதீன் முக்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மூன்று பல்பும் மங்கலாக எரிந்தன. வேலிக்கு அப்பால் குரோஞ்சோங் பாட்டு ஒன்று முடிந்து, மற்றொன்று முடிந்து, மூன்றாவதும் பாதி வந்துவிட்டது.

மக்சிக் சீதாவின் தலை வேலிக்கு மேல் எழும்பியது. முகத்தில் கவலை.

"சுண்ட்ரம்! மெசின் சுடா மாத்தி கா?"

மெஷின் செத்துவிட்டதா என்று கேட்டார். பதில் சொல்ல எழுந்த கலியாணசுந்தரத்தின் கை, போகிற போக்கில் நான்காவது சுவிட்சைத் தொட்டது. ருக்மணி அந்தக் கையை ஒரு தட்டுத் தட்டினாள்.